ஸ்விட்ச் போட்ட முதல் நொடி: பூட் லாக் வளர்ந்த கதை

கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் திரையில் ஒரு எரர் மெசேஜ் வரும். அதைப் படித்துப் பார்த்து, நெட்டில் தேடிப் பார்த்து, ஒரு வழியாகச் சரி செய்துவிடலாம். ஆனால் ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது என்றால்? எங்கே கோளாறு என்று யார் சொல்வது?

கரண்ட் வந்தவுடன் பிராசசருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான். அங்கே போய், அங்கிருக்கும் சின்ன புரோகிராமை ஓட்ட ஆரம்பிக்கும். அந்தப் புரோகிராம்தான் மெமரியைத் தயார் செய்து, டிஸ்க்கைக் கண்டுபிடித்து, லினக்ஸையோ விண்டோஸையோ ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த வேலையைச் செய்வதுதான் ஃபர்ம்வேரும் பூட்லோடரும். இதிலேயே பிழை இருந்தால் அதைத் திரையில் காட்ட முடியாது. ஏனென்றால் திரையை இயக்கும் பகுதியே இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை!

அந்த ஊமை நொடிக்கு வாய் கொடுக்க எஞ்சினியர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மின்சாரம் தயாரிக்க மின்சாரம்

நெய்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து ஊர்களில் அனல்மின் நிலையத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யூனிட் 1962-ல் ஓட ஆரம்பித்தது (அந்த நிலையம் 2020-ல் மூடப்பட்டது). அனல்மின் நிலையத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பழுப்பு நிலக்கரியை அரைக்கும் மில், காற்று தள்ளும் ஃபேன், கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. அதாவது மின்சாரம் தயாரிக்கவே முதலில் மின்சாரம் வேண்டும். எல்லாம் நின்றுபோனால் வெளியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கித்தான் கிளப்ப வேண்டும்.

கம்ப்யூட்டரும் அதேதான். புரோகிராமை மெமரியில் ஏற்ற ஒரு புரோகிராம் வேண்டும். அதை ஏற்றுவது யார்? தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது போல என்று கேலியாகச் சொன்னதிலிருந்துதான் 'பூட்' என்ற சொல் வந்தது.

மின்நிலையத்திடம் கற்க வேண்டிய இன்னொரு விஷயம் லாக் ஷீட். ஷிப்டில் இருப்பவர்கள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். ஒரு யூனிட் 'டிரிப்' ஆனால் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட அலாரம் அடிக்கும். அப்போது கேட்கப்படும் முதல் கேள்வி "எத்தனை அலாரம்?" என்பதல்ல, "எது முதலில் வந்தது?" என்பதுதான். முதலில் வந்ததில்தான் காரணம் இருக்கும், மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். இதற்காகவே நிகழ்வுகளை மில்லி நொடிக் கணக்கில் வரிசைப்படுத்தும் கருவிகளும் வந்தன.

'லாக்' என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அறிய கயிறு கட்டிய கட்டையைக் கடலில் வீசி அளந்தார்கள். அந்த அளவை எழுதிய நோட்டு லாக் புக் ஆனது. கட்டை போய்விட்டது, நோட்டு மட்டும் நின்றுவிட்டது :)

விளக்கு, பீப், போஸ்ட் கார்டு

1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடிய எட்சாக் கம்ப்யூட்டரில் தொடக்கக் கட்டளைகள் 31. டேவிட் வீலர் எழுதியவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் சுழல் ஸ்விட்சுகளில் அவற்றைக் கம்பி வழியாகவே பதித்து வைத்திருந்தார்கள். பூட்லோடரின் கொள்ளுத் தாத்தா அதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மெமரியின் உள்ளடக்கத்தைப் புள்ளிகளாகக் காட்டும் சின்னத் திரை இருந்தது. 1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் அதுகூடக் கிடையாது. முன்பக்க ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி லோடரைக் கையாலேயே ஏற்ற வேண்டும். நடப்பதைச் சொல்ல வரிசையாகச் சிவப்பு விளக்குகள்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. ஸ்விட்ச் போட்டதும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒரு சின்ன பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. திரை வேலை செய்யாதபோது ஸ்பீக்கரை வைத்துப் பேசியது நல்ல யோசனைதான். ஆனால் பீப் மொழியில் எத்தனை வார்த்தை பேச முடியும்?

1984-ல் வந்த பிசி ஏடி ஒரு படி மேலே போனது. சோதனையின் ஒவ்வொரு கட்டத்தையும் தொடும்போது ஒரு எண்ணை 80 (ஹெக்ஸ்) என்ற போர்ட்டுக்கு அனுப்பியது. அந்த எண்ணைப் பிடித்துக் காட்ட, இரண்டு இலக்க டிஸ்ப்ளே கொண்ட ஒரு சிறு கார்டு. அதன் பெயர் போஸ்ட் கார்டு! தபால் பெட்டியில் போடுவது அல்ல, மதர்போர்டில் செருகுவது. ரிப்பேர் கடைகளில் பல காலம் புழங்கிய சாமான் இது. எண் எதில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் கவனியுங்கள், இதில் தெரிவது கடைசி எண் மட்டும்தான். வழியில் என்ன நடந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், கையில் இருப்பது கடைசி பேலன்ஸ். குறிப்பேடும் இல்லை, பேரேடும் இல்லை. கணக்கு உதைத்தால் எந்த என்ட்ரியில் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு எழுத்துக் கடிதம்

1992-ல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லினக்ஸுக்காக எழுதிய பூட்லோடர் லிலோ. பழைய லினக்ஸ் ஆசாமிகளுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு பயம் வரும். அது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒரேயடியாக அச்சிடாது. எல், ஐ, எல், ஓ என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு எழுத்து. 'எல் ஐ' என்று நின்றுவிட்டால், இரண்டாம் பகுதியை மெமரியில் ஏற்றியாயிற்று, ஆனால் அதை ஓட்ட முடியவில்லை என்று அர்த்தம். 'எல் ஐ எல்' வரை வந்து நின்றால் இரண்டாம் பகுதி ஓடுகிறது, தேவையான அட்டவணையைத்தான் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை.

இடம் 512 பைட்டுக்குள் என்ற நெருக்கடியில் செய்த வேலை இது. நீளமான எரர் மெசேஜ் எழுத அங்கே இடமே கிடையாது. இருந்த இடத்தில் பெயரையே லாக் ஆக்கிவிட்டார் மனிதர்!

சீரியல் கேபிள் காலம்

ரௌட்டர், செட்-டாப் பாக்ஸ் மாதிரியான சின்னச் சாதனங்களில் திரையும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. அங்கே கைகொடுத்தது சீரியல் போர்ட். அதை இயக்க மெமரி தேவையில்லை. பெரும்பாலும் சில ரெஜிஸ்டர்களில் எண்களை எழுதினாலே எழுத்துகள் வெளியே வர ஆரம்பித்துவிடும். அதனால்தான் புது போர்டு ஒன்று கைக்கு வந்தால் எஞ்சினியர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது சீரியல் போர்ட்டைப் பேச வைப்பது. ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் வளர்த்தெடுத்த பிபிசிபூட், 2002-ல் யு-பூட் என்று பெயர் மாறி இந்த உலகத்தின் பொதுச் சொத்து ஆனது. கேபிளைச் சொருகினால் மெமரி எவ்வளவு, ஃப்ளாஷ் எவ்வளவு என்று வரிவரியாகச் சொல்லும்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வழக்கமான வேகம் நொடிக்கு 115200 பிட். ஒரு எழுத்துக்கு 10 பிட் என்றால் நொடிக்கு 11520 எழுத்து. 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லி நொடி. 1000 வரி எழுதினால் 7 நொடி போய்விடும்! மில்லி நொடிகளில் ஓட வேண்டிய பூட்டுக்கு இது பெரிய பாரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிழைகள் நேரத்தைப் பொறுத்தவை. லாக் எழுத எடுக்கும் அந்தத் தாமதத்திலேயே ஹார்ட்வேர் தயாராகிவிடும், பிழை காணாமல் போய்விடும். லாக்கை எடுத்தால் திரும்ப வந்துவிடும். டாக்டரிடம் போனதும் நின்றுவிடும் பல்வலி மாதிரி.

நோட்டே இல்லாமல் எழுதுவது எப்படி?

1999-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயோஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அடுக்கடுக்காகப் பல கம்ப்யூட்டர்களை இணைத்து வைக்கும்போது அவற்றுக்குக் கீபோர்டோ மானிட்டரோ இருக்காது. அந்தக் காலத்துப் பயோஸோ "கீபோர்டைக் காணோம், எஃப்1 அழுத்துங்கள்" என்று நின்றுவிடும் ரகம். (இல்லாத கீபோர்டில் எப்படி அழுத்துவது?) உள்ளே இருப்பது மூடிய புரோகிராம் என்பதால் திருத்தவும் வழியில்லை. எனவே திறந்த ஃபர்ம்வேரைத் தாங்களே எழுதினார்கள். 2008-ல் அது கோர்பூட் என்று பெயர் மாறியது.

இங்கேதான் லாக்கின் அடிப்படைச் சிக்கல் வந்தது. சீரியல் போர்ட் இல்லாத மெஷினில் லாக்கை மெமரியில்தான் எழுத வேண்டும். ஆனால் பூட்டின் தொடக்கத்தில் மெமரி வேலை செய்யாது, அதைத் தயார் செய்வதே ஃபர்ம்வேரின் வேலை. பிழை அதிகம் வருவதும் அந்த இடத்தில்தான். அதாவது எழுதுவதற்கு அதிகம் இருக்கும் நேரத்தில் நோட்டு இல்லை!

இதற்கு வந்த தீர்வு அழகானது. பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கேஷை தற்காலிகமாக மெமரி போலப் பயன்படுத்துவது. லாக் முதலில் அதில் எழுதப்படும். மெமரி தயாரானதும் அப்படியே அங்கே நகல் எடுக்கப்படும். பிறகு லினக்ஸ் ஏறியபின் ஒரு கட்டளை கொடுத்து, பிறந்த நொடியிலிருந்து நடந்ததை எல்லாம் படிக்கலாம். குரோம்புக் லேப்டாப்கள் கோர்பூட்டில் ஓட ஆரம்பித்த காலத்தில், 2011 வாக்கில் இந்த வசதி வந்தது. வேகமும் குறையாது, கேபிளும் வேண்டாம். கடையில் துண்டுச் சீட்டில் எழுதி வைத்து, சாயங்காலம் நோட்டில் ஏற்றுவது போலத்தான்.

எதை எழுதுவது, எதை விடுவது

எழுத இடம் கிடைத்ததும் அடுத்த பிரச்சனை. எல்லாவற்றையும் எழுதினால் எதையும் படிக்க முடியாது. 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக், செய்திகளை அவசரம் முதல் டீபக் வரை 8 தரங்களாகப் பிரித்தது. ஃபர்ம்வேர் உலகமும் அதையே எடுத்துக்கொண்டது. கோர்பூட் அதற்கும் கீழே ஒன்பதாவதாக 'ஸ்ப்யூ' என்று ஒரு தரம் வைத்தது. 'வாந்தி' என்று பொருள், பெயருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கொட்டும்.

யு-பூட்டில் பல வருடம் ஒவ்வொரு கோப்பிலும் டீபக்கை ஆன் செய்து மறுபடி கம்பைல் செய்வதுதான் வழக்கம். 2017-ல் சைமன் கிளாஸ் அதற்கு முறையான லாக் அமைப்பை எழுதினார். 10 தரங்கள், எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எந்த ஃபங்ஷன் என்று ஒவ்வொரு பதிவுக்கும் முழு விவரம். தேவையில்லாத தரங்களைக் கம்பைல் நேரத்திலேயே நீக்கிவிட்டால் இடமும் மிச்சம். தேதி, வவுச்சர் எண், விவரம் எல்லாம் உள்ள ஒரு ஒழுங்கான குறிப்பேடு வர 1949-லிருந்து இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சென்னையிலிருந்து விண்வெளிக்கு

இந்தக் கதைக்கு நம் ஊரிலும் ஒரு அத்தியாயம் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி பிராசசர், பெர்க்லியில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2018-ல் அதன் ரைஸ்கிரீக் சிப் இன்டெலின் ஓரிகான் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாராகி வந்து லினக்ஸை பூட் செய்தது. அதே வருடம் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொரு சிப். அந்தச் செய்திகளில் வந்த வார்த்தையைக் கவனித்தீர்களா? "பூட் ஆனது" என்பதுதான். புதுச் சிப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி, பூட்டின்போது வரும் அந்த வரிகள்.

ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் பரவலாக ஓடும் ஃபர்ம்வேர் ஓபன்எஸ்பிஐ (பேங்க் அல்ல!). போர்டின் பெயர், எத்தனை கோர், ஃபர்ம்வேர் எந்த முகவரியில் இருக்கிறது என்று வரிசையாக எழுதிவிட்டுத்தான் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

2025 பிப்ரவரியில் சக்தியை வைத்து இஸ்ரோவும் ஐஐடியும் சேர்ந்து செய்த ஐரிஸ் சிப் வெற்றிகரமாக பூட் ஆனதாக அறிவிப்பு வந்தது. மொகாலியில் சிப், கர்நாடகாவில் பேக்கேஜிங், குஜராத்தில் போர்டு, சென்னையில் அசெம்பிளி. விண்வெளிக்கான சிப் என்பதால் இங்கே லாக்கின் மதிப்பு இன்னும் கூடுகிறது. மேலே போனபின் கேபிள் சொருக முடியாதல்லவா?

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ரோவரைப் பாருங்கள். 21-ம் தேதி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. பூட் ஆகும், விழும், மறுபடி பூட் ஆகும். இப்படி 60 தடவைக்கு மேல். கிடைத்த துண்டுத் துண்டான தகவலை வைத்து, ஃப்ளாஷ் மெமரியைத் திறக்கும்போதுதான் விழுகிறது என்று எஞ்சினியர்கள் ஊகித்தார்கள். "ஃப்ளாஷைத் தொடாமல் பூட் ஆகு" என்று கட்டளை அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டது. 90 செவ்வாய் நாட்களுக்கு என்று போன வண்டி 2010 வரை பேசியது. ஃப்ளாஷில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததுதான் காரணம் என்று பிறகு உறுதியானது.

லாக் யாருக்கு?

இன்று கையில் இருக்கும் ஒவ்வொரு ஃபோனுக்குள்ளும் பூட் லாக் இருக்கிறது. ஆனால் லோகோவிலேயே நின்றுவிட்ட ஃபோனை எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "போர்டு மாத்தணும்" என்பதுதான். பல தயாரிப்புகளில் சீரியல் வாயை அடைத்துவிட்டுத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இதில் நியாயமும் இருக்கிறது. பூட் லாக்கில் முகவரிகளும் ரகசியங்களும் கசிந்தால் திருடனுக்கு வழிகாட்டியது போல ஆகும். ஆனால் ரகசியத்தை மறைப்பது வேறு, முழு நோட்டையும் பூட்டி வைப்பது வேறு. கம்பெனிக் கணக்கில் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டுவதில்லை. அதற்காக ஆடிட்டருக்கும் காட்ட மாட்டேன் என்றால் ஒப்புக்கொள்வார்களா?

லாஸ் அலமோஸில் கோர்பூட் பிறந்ததும், சென்னையில் சக்தி திறந்த வடிவமைப்பாக வெளிவந்ததும் இந்தக் கேள்வியைத்தான் முன்னால் வைக்கின்றன. எது முதலில் விழுந்தது என்று படிக்க முடிந்தால் ரிப்பேர் செய்யலாம். படிக்க முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.