எலும்பு ஏமாறும் இடம்

1958 டிசம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. குழந்தைகளுக்கு விழும் பால் பற்கள்தான் அதன் மூலப்பொருள். பல் விழுந்ததும் பெற்றோர் அதை உறையிலிட்டு, குழந்தை பிறந்த நாள், ஊர், குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விவரங்களோடு அனுப்பிவைத்தார்கள். அனுப்பிய குழந்தைக்கு, தன் பல்லை அறிவியலுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் சட்டை வில்லை ஒன்று பரிசாக வந்தது. மருத்துவர் லூயீஸ் ரைஸ் தொடக்க ஆண்டுகளில் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் காலப்போக்கில் சுமார் 3 லட்சம் பற்கள் சேர்ந்தன. அணுகுண்டுச் சோதனைகள் வானில் தூவிய ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்க ஐசோடோப்பைத்தான் அந்தப் பற்களில் தேடினார்கள். 1950இல் பிறந்த குழந்தைகளின் பற்களில் இருந்ததைப் போல 50 மடங்கு, 1963இல் பிறந்த குழந்தைகளின் பற்களில் இருந்தது. வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடிப்பதைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்தாவதற்கு வலு சேர்த்த சான்றுகளில் இந்த ஆய்வின் முதற்கட்ட முடிவுகளுக்கும் இடம் உண்டு.

வானிலிருந்து விழுந்த ஸ்ட்ரான்சியம், தசைக்கோ மூளைக்கோ போகாமல் பல்லையும் எலும்பையும் தேடிப்போனது ஏன்?

வேதியியல் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையிலேயே விடை இருக்கிறது. இரண்டாம் தொகுதியில் கால்சியத்துக்கு நேர் கீழ்க் கட்டம் ஸ்ட்ரான்சியத்துடையது. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் இரண்டிரண்டு எலக்ட்ரான்கள். இரண்டுமே அவற்றை எளிதில் இழந்து இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனியாகிவிடும். கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 100 பிக்கோமீட்டர். ஸ்ட்ரான்சியம் அயனியுடையது சுமார் 118. மின்சுமை ஒன்றே, பருமனிலும் பெரிய வேறுபாடில்லை என்பதால், எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகும்போது கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியமும் போய் அமர்ந்துகொள்கிறது. புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தைக்கும் அது வந்த வழி முழுவதும் கால்சியம் நடக்கும் வழிதான். ஆனால் உடல் முற்றிலும் ஏமாந்துவிடுவதும் இல்லை. தீவனத்தில் கால்சியத்தோடு ஒப்பிட ஸ்ட்ரான்சியம் எவ்வளவு இருந்ததோ, அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் பசுவின் பாலில் தங்குகிறது. அந்த 18 பிக்கோமீட்டர் வேறுபாட்டை மாட்டின் உடல் ஓரளவு கண்டுகொள்கிறது. எலும்பில் புகுந்துவிட்டதோ எளிதில் வெளியேறாது. ஸ்ட்ரான்சியம்-90இன் அரை ஆயுட்காலம் 28.8 ஆண்டுகள்.

அதே தொகுதியின் அடிக்கட்டத்தில் இருப்பது ரேடியம். 1898இல் கியூரி தம்பதியர் அதைப் பிரித்தெடுக்க முயன்றபோது அது பேரியத்தை விட்டு விலக மறுத்தது. பேரியத்தோடு கரைந்து பேரியத்தோடு படிந்தது. காரணம், பேரியத்துக்கு நேர் கீழேதான் அதன் இடம். இந்த உறவின் கொடிய பக்கத்தை நியூ ஜெர்சியின் கடிகாரத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் உடலில் அனுபவித்தார்கள். இருட்டில் ஒளிரும் எண்களை எழுத ரேடியம் கலந்த சாயத்தில் தூரிகையைத் தோய்த்து, முனை கூராக வேண்டும் என்பதற்காக உதட்டில் வைத்துக் குவித்தார்கள். விழுங்கிய ரேடியம் கால்சியத்தின் வழியிலேயே எலும்புக்குப் போயிற்று. அவர்களில் பலருக்குத் தாடை எலும்பு அரித்துப்போனது. ஓர் இளம்பெண்ணின் தாடையில் என்ன நடக்கும் என்பதை ஒரு கட்டத்தின் இடம் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும் என்பதை எண்ணும்போது, அட்டவணையை வெறும் மனப்பாடப் பட்டியலாகச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று தோன்றுகிறது.

முன்கூட்டிச் சொல்வது அந்த அட்டவணைக்குத் தொடக்கத்திலிருந்தே இயல்பு. 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அதை வெளியிட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63. குணம் பொருந்தாத இடத்தில் தனிமத்தைத் திணிக்காமல் கட்டத்தை வெறுமையாக விட்டார். 1871இல் அந்த வெற்றுக் கட்டங்களில் சிலவற்றுக்கு உரியவற்றின் குணங்களையும் எழுதிவைத்தார். மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடையில் ஒன்றுமில்லை. அங்கே வர வேண்டியதற்கு 'ஏகசிலிக்கான்' என்று சமஸ்கிருத முன்னொட்டோடு பெயரும் வைத்தார். அணு எடை 72, அடர்த்தி 5.5, நிறம் சாம்பல், குளோரைடு 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் திரவம் என்று அக்கம்பக்கத்தாரைப் பார்த்தே கணித்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் கிளமென்ஸ் விங்க்லர் ஆர்கிரோடைட் என்ற புதிய வெள்ளிக் கனிமத்தைப் பகுத்துக்கொண்டிருந்தார். வெள்ளி இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதே குறை. அந்தக் காணாமற்போன பங்கைத் தேடிப்போய் 1886இல் அவர் பிடித்ததுதான் ஜெர்மேனியம். அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதில் அவருக்கும் மெண்டலீவுக்குமே முதலில் குழப்பம் இருந்தது. குணங்களை அளந்த பிறகு குழப்பம் தீர்ந்தது: அணு எடை சுமார் 72.3, அடர்த்தி 5.47, குளோரைடின் கொதிநிலை 86 டிகிரி. கண்ணால் காணாத ஒரு பொருளைப் பற்றி இத்தனை துல்லியமாக எழுதிவைத்த மனிதனை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு மெண்டலீவிடம் விடையில்லை. எலக்ட்ரானே அப்போது கண்டறியப்படவில்லை. ஆனாலும் குணத்தை நம்பினார். டெலூரியத்தின் அணு எடை அயோடினுடையதைவிடக் கூடுதல். எடைப்படி அயோடின் முன்னே வர வேண்டும். அயோடினின் நடத்தையோ குளோரின், புரோமினோடு ஒத்தது. எடையைத் தள்ளிவிட்டு அயோடினைப் பின்னே வைத்தார். தனிமங்களின் வரிசையைத் தீர்மானிப்பது எடையல்ல, அணுக்கருவின் மின்சுமைதான் என்று 1913இல் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களால் காட்டினார். அந்த வரிசையில் டெலூரியம் 52, அயோடின் 53. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மோஸ்லி கலிப்பொலி போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

ஒரே தொகுதி என்றால் அச்சு அசலான நகல்கள் என்று பொருளல்ல. மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத்தைக் கத்தியால் நறுக்கினால் வெள்ளி போல் பளிச்சிடும் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அந்தத் துண்டை நீரில் போட்டால் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு ஓடும். மேலே உள்ள லித்தியம் மெல்லக் குமிழிவிடுவதோடு சரி. கீழே உள்ள பொட்டாசியம் இளஊதா நிறத் தீயோடு எரியும். சீசியமோ நீரைத் தொட்டதும் வெடிக்கும். கீழே போகப்போக உள்கூடுகள் கூடிக்கொண்டே வருவதால் வெளி எலக்ட்ரானின் மீது அணுக்கருவுக்குப் பிடி தளர்கிறது. அதைப் பிடுங்க லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல் வேண்டும்; சீசியத்துக்கு 376 போதும். எலக்ட்ரானை இழக்காமல் வாங்கிக்கொள்ளும் ஹாலஜன்களில் இதே காரணம் தலைகீழாக வேலை செய்கிறது: உச்சியில் உள்ள ஃபுளோரின்தான் அங்கே வேகம் மிக்கது.

சீசியத்தின் கதை ஸ்ட்ரான்சியத்தின் கதைக்கு உடன்பிறப்பு. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் வயல்களில் படிந்த சீசியம்-137, பொட்டாசியத்தின் தொகுதியைச் சேர்ந்தது. நெற்பயிரின் வேர் பொட்டாசியத்தை வாங்கும் வாசல் வழியே அதுவும் நுழையும். அங்கே கையாண்ட வழிகளில் மிகப் பயன் தந்த ஒன்று, வயலில் பொட்டாசியம் உரத்தைக் கூடுதலாக இடுவது. நம் உழவர்கள் 'பொட்டாஷ்' என்று கேட்டு வாங்கும் அதே உரம்தான். மண்ணில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால் சீசியத்துக்கு வேரில் இடம் கிடைப்பதில்லை. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக்கின் நஞ்சிலும் இதே தொகுதி உறவு இருக்கிறது. பாஸ்பரசுக்கு நேர் கீழே இருப்பதால், ஆர்சனேட் வடிவில் அது பாஸ்பேட்டின் வாசல் வழியே செல்லுக்குள் புகுந்து, ஆற்றல் தரும் வினைகளில் பாஸ்பேட்டின் இடத்தைப் பிடிக்கிறது. அங்கே அது அமைக்கும் பிணைப்பு நிற்பதில்லை, உடனே சிதைந்துவிடுகிறது.

உறவு எப்போதும் மேலும் கீழுமாகத்தான் ஓடும் என்பதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் ஒன்றாகவே கிடக்கின்றன. இவை பக்கவாட்டில் அடுத்தடுத்து நிற்பவை. புதிதாகச் சேரும் எலக்ட்ரான் உள்ளே ஆழத்தில் போய் ஒளிந்துகொள்வதால் வெளித்தோற்றம் பெரிதாக மாறுவதில்லை. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக் கரைப்பான்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான படிகள் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றையும்விடச் சிந்திக்க வைப்பது தாலியம். 1861இல் வில்லியம் குரூக்ஸ் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடாகக் கண்ட தனிமம் இது. அதன் உப்புகள் சில குணங்களில் பொட்டாசியத்தைப் போலவும், சிலவற்றில் காரீயத்தைப் போலவும் இருக்கக் கண்டு பிரெஞ்சு வேதியியலாளர் துமா அதை உலோகங்களின் பிளாட்டிபஸ் என்றார். அதன் இடம் பதின்மூன்றாம் தொகுதியில், அலுமினியத்துக்கு வெகு கீழே. முறைப்படி அது மூன்று எலக்ட்ரான்களை இழக்க வேண்டும். ஆனால் 81 புரோட்டான்கள் கொண்ட கனத்த அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு உயர்வதால், வெளியில் உள்ள மூன்றில் இரண்டு இறுக ஒட்டிக்கொள்கின்றன. வேதியியலார் இதை மந்த இணை விளைவு என்பார்கள். ஆகவே தாலியம் பெரும்பாலும் ஒற்றை மின்சுமையோடு நிற்கிறது. அயனி ஆரம் சுமார் 150 பிக்கோமீட்டர். பொட்டாசியம் அயனியுடையது 138. நரம்பும் தசையும் அதைப் பொட்டாசியம் என்றே எண்ணி உள்ளே விடுகின்றன. ஒரு காலத்தில் எலி நஞ்சாக விற்ற இதைத் தவறி உண்டவர்களுக்கு நரம்பு வலியும், சில வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வதும் நேரும். தொகுதி எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது புரியாது. தொகுதியில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட கதிர் மருத்துவக் கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்ததில் சீசியம்-137 பலர் உடலில் சேர்ந்தது. அவர்களில் 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் என்ற பழைய ஓவியச் சாயத்தை மருந்தாகக் கொடுத்தார்கள். அதன் படிகக் கூண்டு குடலில் சீசியத்தைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அட்டவணையின் இடக்கோடியில் சீசியம், வலப்பக்கத்தில் தாலியம். இரண்டுக்கும் ஒற்றை மின்சுமை, இரண்டும் பொட்டாசியத்தின் வேடத்தில் உள்ளே வருபவை. 2003இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த இரண்டு நச்சுக்கும் சேர்த்துப் பிரஷ்யன் நீலம் என்ற ஒரே மருந்துக்கு அனுமதி வழங்கியது.