காற்றைக் கூலியாளாகக் கொண்ட கலங்கள்



நம் மாகறல் வழியே ஓடும் செய்யாறு பாலாற்றில் கலக்கின்றது. பாலாறோ சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே வங்கக் கடலில் சேர்கின்றது. கடலைப் பாராத ஊரினர் நாம் என எண்ணுகின்றோம். ஆயினும் தறி முழங்கும் காஞ்சி மண்டலம் என்றும் கடலோடு தொடர்புடையதாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் வணிகத் தளம் அமைத்ததும் இப்பகுதியின் மெல்லிய துணிகளை நாடியேயாகும்.

அந்நாளில் துணியைக் கடல் கடத்தியவை பாய்மரக் கலங்கள். அவற்றின் எரிபொருள் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே மலாக்கா நோக்கிச் செலுத்தியது. வடகிழக்குப் பருவக்காற்று தாயகம் திரும்ப உதவியது. புயல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சோழமண்டலக் கரையில் கலம் செலுத்துவோர் அரிது. திருமறையின் 42ஆம் அத்தியாயமான அஷ்ஷூரா, கடலில் செல்லும் கலங்களையும் அவற்றைச் செலுத்தும் காற்றையும் இறைவனின் அத்தாட்சிகளாக நினைவூட்டுகின்றது. அதன் பொருளை நம் முன்னோர் ஒவ்வொரு பயணத்திலும் உணர்ந்திருப்பர்.

பரங்கிப்பேட்டை, நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரைக்காயர்கள் இவ்வணிகத்தில் சிறந்து விளங்கினர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் 17ஆம் நூற்றாண்டின் கடல் வணிகரே. துணி ஏற்றிச் சென்ற கலங்கள் பாக்கு, மிளகு, வெள்ளீயம் முதலியவற்றை ஏற்றித் திரும்பின.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சென்ற வணிகர் எண்ணிய நாளில் திரும்ப இயலாது. காற்று திசை மாறும் வரை அயல் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை. தங்கிய இடத்தில் அவர்கள் நாணயத்தால் நற்பெயர் ஈட்டினர். மலாய்க் குடும்பங்களுடன் மணவுறவு கொண்டனர். தொழுகைக்கு இடம் கண்டனர். பினாங்கில் காதர் முகைதீன் என்னும் தமிழ் வணிகர் தலைமையில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய சூலியாப் பள்ளிவாசலும் அவ்வணிகர் சமுதாயம் ஊன்றிய விதைகள். காற்றுக்குக் காத்திருந்தோர் காலத்தை வென்று நிற்கின்றனர்!

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் அதன் ஆதிக்கம் பெருகியது. குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும் கப்பலுடன் பாய்மரக் கலம் போட்டியிட இயலவில்லை. பெருமூலதனமும் ஆட்சியின் ஆதரவும் ஆங்கிலேயர் பக்கமே இருந்தன. நம் மரைக்காயர் பலர் கலம் இழந்தனர். ஆயினும் தூத்துக்குடித் தோணிகள் 20ஆம் நூற்றாண்டிலும் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு சுமந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் இயந்திரம் பொருத்தப்பட்டது. காற்றும் இயந்திரமும் ஒரே கலத்தில் கைகோத்தன.

இன்று உலகமே அவ்வழிக்குத் திரும்பிப் பார்க்கின்றது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1980இல் ஜப்பான் ‘ஷின் அய்தோக்கு மாரு’ என்னும் பாய் பொருத்திய எண்ணெய்க் கப்பலைக் கடலில் இறக்கியது. எண்ணெய் விலை தணிந்ததும் அம்முயற்சி மங்கியது. 2023இல் ‘பிக்சிஸ் ஓஷன்’ என்னும் சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரு பாய்களுடன் சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. ஆறு மாத ஓட்டத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமாயிற்று என்று அதை இயக்கியோர் அறிவித்தனர். உலக வெப்பத்தை உயர்த்தும் வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களால் வெளியாகின்றது. 2050ஆம் ஆண்டளவில் அதனை நிகரச் சுழியமாக்குவதெனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வகுத்துள்ளது.

பாய் மட்டுமே போதும் என்று நாம் கூறவில்லை. இக்கப்பல்களில் இயந்திரமும் உண்டு. காற்று அதன் சுமையைக் குறைக்கின்றது. பழைய கலங்கள் புயலில் மூழ்கி, மாலுமிகளின் மனைவியரை விதவைகளாக்கியதையும் நாம் மறக்கலாகாது. ஆனால், இலவசமாக வீசும் அருட்கொடையை ஒதுக்கிவிட்டுப் பூமியின் வயிற்றைத் தோண்டி எரிப்பதே முன்னேற்றம் என்று ஒன்றரை நூற்றாண்டு எண்ணியிருந்தோம். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கின்றது; அக்கண்டிப்பு கடலுக்கும் பொருந்தும் அன்றோ?

சகோதரர்களே! பினாங்குக்கோ, இரங்கூனுக்கோ, கொழும்புக்கோ சென்ற பாட்டனாரின் கடிதம், கணக்கேடு, பயணச் சீட்டு எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்கக்கூடும். கரையான் அரிக்கும் முன் அவற்றைப் படியெடுத்து நம் ஜமாஅத்தில் ஒப்படைப்போமாக! முன்னோரின் பொறுமையையும் நாணயத்தையும் நம் பிள்ளைகள் அறிய அதுவே வழி. அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.