மாம்பழம்: சதை சரி... தோலையும் கொட்டையையும் சாப்பிடலாமா?

சித்திரை பிறந்தால் திருத்தணி, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் மாம்பழ சீசன்தான். எல்லையைத் தாண்டினால் சித்தூர் மாவட்டம், மாந்தோப்புகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்போனது. பங்கனப்பள்ளி கடித்துச் சாப்பிட, கிளிமூக்கு பெரும்பாலும் கூழுக்கு.

'தோலைத் தூக்கிப் போடாதீங்க, சத்தெல்லாம் அதிலதான் இருக்கு', 'கொட்டையைக் காயவைத்துப் பொடி பண்ணிக் குடிங்க' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரைகளும் இதே சீசனில்தான் வருகின்றன. இதில் எது சரி?

சதையில் என்ன இருக்கு?

100 கிராம் பழச்சதையில் சுமார் 60 கலோரி, 14 கிராம் சர்க்கரை, 36 மில்லிகிராம் வைட்டமின் சி, ஒன்றரை கிராம் நார்ச்சத்து இருக்கும். மஞ்சள் நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின், உடலுக்குள் போய் வைட்டமின் ஏ-வாக மாறுகிறது. கண்ணுக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான்.

200 கிராம் சதை சாப்பிட்டால் 27 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு டீஸ்பூன். சர்க்கரை நோயாளிகள் மாம்பழத்தை அறவே தொடக்கூடாது என்றில்லை. ஆனால் சோறு சாப்பிட்ட கையோடு முழுப் பழத்தையும் முடிப்பது வேறு, இரண்டு துண்டு எடுத்துக்கொள்வது வேறு. ஜூஸாக வடிகட்டினால் நார்ச்சத்து குறைந்துவிடும், சர்க்கரை அப்படியே இருக்கும். கடையில் மேலே போடும் சர்க்கரை தனிக்கணக்கு.

மாங்காயில் கணக்கு தலைகீழ். வைட்டமின் சி காயில்தான் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது, கரோட்டின் கூடுகிறது. மாங்காயை வெயிலில் காயவைத்து வற்றலாக்கினால் வைட்டமின் சி-யில் பெரும்பங்கு போய்விடும். ருசி மட்டும் போகாது!

தோலைச் சாப்பிடலாமா?

சத்து இருப்பது உண்மை. சதையைவிட நார்ச்சத்து அதிகம், மாஞ்சிஃபெரின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களும் உண்டு. ஆனால் காம்பை உடைத்தால் வடியும் பாலிலும் தோலிலும் சிலருக்கு ஒவ்வாமை தரும் வேதிப்பொருளும் இருக்கிறது. உதட்டைச் சுற்றி அரிப்பு, கொப்புளம் வரும். 'மாம்பழம் சூடு, அதான் கொப்புளம்' என்று வீட்டில் சொல்வதில் பல நேரம் பழியைச் சுமக்க வேண்டியது இந்தப் பால்தான். ஒருமுறை வந்தவர்கள் தோலைச் சீவிவிட்டுச் சதையை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல், பூச்சிமருந்தும் கார்பைடும். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைக்க இந்தியாவில் தடை இருக்கிறது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதி. எப்படிப் பழுத்தது என்று தெரியாத பழத்தின் தோலைச் சத்துக்காக மெல்லுவது லாபமில்லாத வேலை. சீவப் போகிறீர்கள் என்றாலும் முதலில் கழுவிவிடுங்கள்.

கொட்டைப் பருப்பு: இங்கேதான் கவனம் வேண்டும்

ஓட்டை உடைத்தால் வரும் பருப்பில் மாவுச்சத்து அதிகம். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதமும் உண்டு. துவர்ப்புக்குக் காரணம் டானின். வயிற்றுப்போக்குக்கு மாம்பருப்புப் பொடியை மோரில் கலந்து கொடுக்கும் கைவைத்தியம் இந்தத் துவர்ப்பை நம்பித்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், பொடி அல்ல.

ஒடிசாவின் பழங்குடி கிராமங்களில் தானியம் தீர்ந்துபோகும் மழைக்காலத்தில் இந்தப் பருப்புதான் கஞ்சி. 2001-ல் ராயகடா மாவட்டம் காசிப்பூர் பகுதியில் இந்தக் கஞ்சி குடித்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பட்டினிச் சாவா, விஷமா என்று பெரிய அரசியல் சண்டையே நடந்தது. 2024-ல் அதே மாநிலத்தின் கந்தமால் மாவட்டத்திலும் மாம்பருப்புக் கஞ்சி குடித்த பெண்கள் இறந்தனர். நல்ல பருப்பு ஆளைக் கொல்வதில்லை. ஈரத்தில் வைத்துப் பூஞ்சை பிடித்த பருப்புதான் ஆபத்து. பூஞ்சை நச்சுகள் பல, கொதிக்கவைத்தாலும் முழுசாகப் போகாது. கறுத்திருந்தாலோ, முக்கல் வாடை வந்தாலோ யோசிக்காமல் வீசிவிடுங்கள்.

கூழ் ஆலைகளில் மலைபோல் குவியும் கொட்டைக்கு வேறொரு வழியும் உண்டு. இதன் கொழுப்பு சாதாரண வெப்பத்தில் உறையும், வாயில் கரையும், கோகோ வெண்ணெய் மாதிரியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ம் ஆண்டு விதிப்படி, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதியுள்ள ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று.