பணிநிலைய மடிக்கணினி: வெப்பமும் ஆயுளும்

பணிநிலைய மடிக்கணினி என்பது எந்திர வடிவமைப்பு, கட்டட வரைபடம், முப்பரிமாண அசைவூட்டம், அறிவியல் கணிப்பு போன்ற கனமான வேலைகளை மணிக்கணக்கில் இடைவிடாமல் செய்வதற்கென உருவாக்கப்பட்ட கணினி ஆகும். இதன் செயலியும் வரைகலைச் செயலியும் சாதாரண மடிக்கணினியில் உள்ளவற்றைவிட மிகுந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே இக்கணினியின் வரலாற்றை, சிறிய பெட்டிக்குள் பெரும் வெப்பத்தை அடக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறு என்றே சொல்லலாம். இதை வாங்குபவர் அந்த முயற்சியைத் தம் வீட்டில் தொடர வேண்டியவர் ஆகிறார்.

சூளையிலிருந்து கணினிக்கு

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்குத் துணைநின்றது. இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்களும் உருவாகின்றன. செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இவ்வூரில் உள்ளது.

வீட்டு மின்பலகையில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கும் மடிக்கணினிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இன்டெல் நிறுவனம் 1971இல் வெளியிட்ட 4004 செயலி, தொடக்கத்தில் வெண்பீங்கான் உறையில்தான் வந்தது. இன்றைய மடிக்கணினியின் தாய்ப்பலகையில் கடுகளவே உள்ள பல்லடுக்குப் பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ளன. பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கான் பொருளையும் உலோகப் படலத்தையும் மாறி மாறி அடுக்கி, 1000 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு இவற்றைச் செய்கிறார்கள். செயலிக்கும் வெப்பம் கடத்தும் செம்புத் தகட்டுக்கும் இடையே தடவப்படும் பசையிலும் துத்தநாக ஆக்சைடு, அலுமினா போன்ற பீங்கான் தூள்களே பெரும்பாலும் கலந்திருக்கும்.

மேசையிலிருந்து மடிக்கு

1980களில் அப்போலோ, சன் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பொறியாளர்களுக்கான பணிநிலையங்களை விற்றன. அவை மேசையை அடைத்துக்கொள்ளும் பெட்டிகளாக இருந்தன. 1982இல் வந்த கிரிட் காம்பஸ், மடித்து மூடக்கூடிய தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்று. அதன் மக்னீசிய உலோகக் கூடே வெப்பத்தை வெளியேற்றவும் உதவியது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டாட்போல் நிறுவனம், சன் பணிநிலையங்களில் இருந்த ஸ்பார்க் வகைச் செயலியை மடிக்கணினிக்குள் வைத்து 'ஸ்பார்க்புக்' என்ற பெயரில் விற்றது.

1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய வெப்பக்குழாய், பின்னாளில் மடிக்கணினிக்கும் வந்துசேர்ந்தது. மூடிய செம்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர், செயலியின் அருகே ஆவியாகிறது. விசிறியின் அருகே குளிர்ந்து நீராகித் திரும்புகிறது. 2000களின் தொடக்கத்தில் டெல், ஐபிஎம், எச்பி ஆகிய நிறுவனங்கள் 'நடமாடும் பணிநிலையம்' என்ற வகையையே தனியாக விற்கத் தொடங்கின. 2015இல் லெனோவோ, வழங்கிக் கணினிகளுக்குரிய சியான் வகைச் செயலியைத் திங்பேட் பி50, பி70 மடிக்கணினிகளில் தந்தது.

2008 தந்த பாடம்

2008 சூலையில் என்விடியா நிறுவனம், தன் சில மடிக்கணினி வரைகலைச் செயலிகள் வழக்கத்துக்கு மாறான அளவில் பழுதாவதாக அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சில்லின் உறையில் பயன்படுத்திய பொருள்கள் வலுவற்றவையாக இருந்தன. கணினி சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நிகழ்ந்தபோது இணைப்புகள் விட்டுப்போயின. பீங்கானைச் சூளையிலிருந்து சூட்டோடு வெளியே எடுத்தால் விரிசல் விடும் என்பது அத்தொழில் செய்பவர்கள் அறிந்ததே. வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது, அவை சேரும் இடமே முதலில் தளர்கிறது.

அக்காலத்தில் பழுதான தாய்ப்பலகையை அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பிழைக்கவைக்கும் முறை உலகெங்கும் பரவியது. அப்படி உயிர்பெற்ற பலகைகள் பலவும் சில வாரங்களில் மீண்டும் நின்றன. பழுது சில்லின் உள்ளே இருந்ததால் வெளியிலிருந்து சூடேற்றுவது நிரந்தரத் தீர்வாகவில்லை.

கழற்ற முடிவதும் முடியாததும்

2004இல் அறிமுகமான எம்எக்ஸ்எம் அமைப்பில், வரைகலைச் செயலி தனி அட்டையாக இருந்தது. அது பழுதானால் அட்டையை மட்டும் மாற்றலாம். பின்னர் மெல்லிய கணினிகளை மக்கள் விரும்பியதால், வரைகலைச் செயலியும் பல கணினிகளில் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டன. ஒரு சில்லு பழுதானால் முழுப் பலகையையும் மாற்றும் நிலை வந்தது. இப்போக்கு சற்றே திரும்பியும் உள்ளது. 2022இல் டெல் தன் பிரிசிஷன் கணினியில் 'காம்' என்ற கழற்றக்கூடிய மெல்லிய நினைவகத்தைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் இது 'காம்2' என்ற பொதுத் தரமாக வெளியானது. இந்திய அரசும் 2022இல், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவையும் இணையவாயிலையும் அமைத்தது.

தமிழ்நாட்டுக்கு இது அருகிலுள்ள செய்தி. லெனோவோவின் தொழிற்சாலை புதுச்சேரியிலும், டெல்லின் தொழிற்சாலை 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரிலும் இயங்கிவருகின்றன. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல இலட்சம் வீடுகளுக்கு முதல் கணினியைக் கொடுத்தது. ஆயினும் பணிநிலைய வகைக்கான உதிரிப் பாகம் சிற்றூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. பலரும் சென்னை ரிச்சி தெருவை நாடுகிறார்கள். வாங்கும்போதே நினைவகம், சேமிப்பகம், மின்கலம், விசிறி ஆகியவற்றைத் திருகு கழற்றி மாற்ற முடியுமா என்று பார்ப்பது இதனால் முக்கியமாகிறது.

பராமரிப்பு

களிமண் தூசும் கோடை வெயிலும் மிகுந்த ஊரில் கணினியின் முதல் எதிரி, விசிறியின் முன் படியும் தூசுப் படலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூய்மை செய்யலாம். செயலியின் வெப்பம் 100 பாகையை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதிதில் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை பின்னர் இரண்டு மணி நேரம் எடுத்தால், தூசு அடைத்திருக்கலாம் அல்லது வெப்பப்பசை உலர்ந்திருக்கலாம். மெத்தை, தலையணை மீது வைத்து இயக்கினால் காற்றுவழி அடைபடும்.

எப்போதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் கணினியில், மின்கலம் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி அமைப்பது நல்லது. முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் மின்கலம் விரைவில் முதுமையடையும். உப்பிய மின்கலத்தை உடனே அகற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியும் கட்டாயம் தேவை.

இவை எதுவும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஆனால் ஒரு மாணவரோ சிறுதொழில் செய்பவரோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கருவி மூன்று ஆண்டில் குப்பைக்குப் போகுமா, எட்டு ஆண்டு உழைக்குமா என்பது பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.