மஹல்லாவும் மார்க்கப் பற்றும்

ஊரில் இருந்தவரை ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுத சகோதரர், பெருநகருக்குக் குடிபெயர்ந்ததும் ஜுமுஆவோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். ஈமான் பலவீனமாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டுகிறோம். ஆனால் அவர் முதலில் இழந்தது வேறொன்று: "ஃபஜ்ருக்கு உங்களைக் காணோமே, உடம்பு சுகமில்லையா?" என்று விசாரிக்கும் ஆளை.

622-ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் தொடக்கத்திலேயே செய்த பணிகள் இரண்டு. மஸ்ஜிதைக் கட்டினார்கள், முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தொழும் இடமும் உறவும் சேர்ந்தே கிடைத்தன.

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவரைக் காணாதபோது நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று அறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வராதவரைத் தேடுவது ஜமாஅத்தின் கடமை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தமிழக மஹல்லாக்களில் மக்தபில் குர்ஆன் ஓதுவதும், நிக்காஹ் தஃப்தரில் பெயர் ஏறுவதும், ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும், இறுதியில் கபரஸ்தானும் ஒரே பள்ளிவாசலைச் சுற்றியே அமைகின்றன. இந்தப் பிணைப்புதான் சோம்பல் வரும் நாளிலும் நம்மை ஸஃப்பில் நிறுத்துகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊருக்காகத் தொழுதால், ஊர் மாறியதும் தொழுகையும் போய்விடும். நிய்யத் அல்லாஹ்வுக்காகவே இருக்க வேண்டும். மஹல்லா அதற்குத் துணை மட்டுமே.

எனவே புதிய இடத்துக்குச் செல்பவர் முதல் வாரமே இமாமிடம் அறிமுகமாகட்டும், சந்தாவில் பெயரைச் சேர்க்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகளும், "வாடகைக்கு இருப்பவர்தானே" என்று அவரை ஒதுக்காமல் இருக்கட்டும். சந்தா வாங்கும்போது உறுப்பினர், கபரஸ்தானில் இடம் கேட்கும்போது வெளியூர்க்காரர் என்றால், அவர் மனம் எப்படிப் பள்ளிவாசலோடு ஒட்டும்?

இன்று இஷாவுக்குப் பிறகு, சில நாட்களாக வராத ஒருவரையாவது நாம் விசாரிப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.