கடலின் வயிற்றில் எழும் அலை

மலாக்கா நீரிணையின் வடவாயிலில், நிக்கோபார் தீவுகளுக்கும் ஆச்சேக்கும் இடையே, காற்று ஓய்ந்த இரவிலும் கடல் திடீரென இரையும். நீண்ட பட்டைபோல் நுரைத்து வரும் சிற்றலைகள் கப்பலைக் கடந்து போகும். பின்னர்க் கடல் அடங்கிவிடும். பழக்கமில்லாதார் இவ்விரைச்சலுக்கு அஞ்சுவர் என்று அமெரிக்கக் கடற்படை அறிஞர் மோரி 19ஆம் நூற்றாண்டில் எழுதினார். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டுக் கூறும் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் மூன்றும் இக்கடலைச் சூழ்ந்தவையே. அக்கலங்களில் இருந்தோரும் இதனைக் கேட்டிருத்தல் கூடும். எழுதி வைத்தாராயின் அவ்வோலை நம் கைக்கு எட்டவில்லை.

விளக்கத்தின் முதல் நுனி கிடைத்ததோ வடதுருவக் கடலில். 1893இல் நான்சென் என்னும் நார்வே நாட்டவரின் ‘பிராம்’ கப்பல், சைபீரியக் கரையருகே, பொறி முழு விசையில் ஓடியும் நகர மறுத்தது. உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலம் கிடந்தது. கப்பலின் விசையெல்லாம் அவ்விரு நீர்களின் எல்லையில் அலை எழுப்புவதிலேயே செலவாயிற்று என்பதைச் சுவீடன் நாட்டு எக்மன் தொட்டிநீரில் சோதித்து, 1904இல் வெளியிட்டார்.

வெப்பநாட்டுக் கடலில் இளஞ்சூடான நீர் மேலும், குளிர்நீர் கீழும் கிடக்கின்றன. இரண்டின் எடை வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால் மேற்பரப்பில் ஒரு முழ அலையை எழுப்பும் விசை, உள்ளே பனைமர உயர அலையை எழுப்பிவிடும். ஒரே ஆழத்தில் தொங்கும் வெப்பமானி சில நிமிடங்களில் பல பாகை இறங்கி ஏறுவது இதனால்தான். நீர் அங்கே குளிரவில்லை. குளிர்நீரின் மட்டம் உயர்ந்து தாழ்கின்றது. ஒரே அளவீட்டை நம்பி ஓரிடத்தின் வெப்பநிலை இதுவென உரைப்பது எத்துணைப் பிழை!

சுமத்திராவின் வடமேற்கே 80 மீட்டர் உயர உள்ளலைகள் கண்ட செய்தி 1965இல் வெளியாயிற்று. பின்னர், எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலுக்கு இவ்வலைகளின் நீரோட்டம் இடர் செய்யுமோ என்ற கவலையே அளவைப் பணியைத் தூண்டியது. மாலுமிகள் கேட்ட இரைச்சற்பட்டை உள்ளலையோடு உடன்செல்வதே என்று ஆஸ்போர்னும் பர்ச்சும் 1980இல் காட்டினர். தீவுகளுக்கிடையே கடலடி மேடுகளைத் தாண்டும் ஓதநீரே இவற்றைப் பிறப்பிக்கின்றது.

கிழக்கே ஓடும் இவ்வலைகள் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் மோதிக் குளிர்நீரைக் கரைக்கு ஏற்றுகின்றன. 2010இல் அந்தமான் கடல் மிகையாகச் சூடேறிப் பவளங்கள் வெளிறி மாண்டபோது, இவ்வலைகள் தாக்கும் மேற்குக் கரைகளில் சேதம் குறைவாயிருந்தது.