வாப்பாவின் நாட்குறிப்பு

தென் துருவம் என்றால் அமுண்ட்சன், ஸ்கொட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கப்பல்களில் சோறு ஆக்கியது யார், கோப்பை கழுவியது யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. இன்று அப்படி ஒருவரைப் பற்றி எழுதுகிறோம்.

ஜோர்ஜ் கிப்ஸ், 1916இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பிறந்த கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்கக் கடற்படையில் சேரும் கறுப்பர்களுக்கு அதிகாரிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் வேலைதான் கிடைக்கும். துப்பாக்கியோ சுக்கானோ அவர்களுக்கில்லை. 1939இல் அட்மிரல் பேர்ட் தலைமையில் அந்தாட்டிக்காவுக்குப் புறப்பட்ட குழுவில் கிப்ஸுக்குக் கிடைத்ததும் அதே வேலைதான். அவர் ஏறிய 'பெயார்' 1874இல் ஸ்கொட்லாந்தில் கட்டிய மரக்கப்பல். அவரைவிட 42 வயது மூத்தது!

1940 ஜனவரி 14. கப்பல் பனிக்கரையைத் தொட்டது. கயிறு கட்டுவதற்காகக் கப்பலிலிருந்து முதலில் இறங்கியவர் கிப்ஸ். அந்தக் கண்டத்தில் கால் வைத்த முதல் கறுப்பர் என்று வரலாறு அவரைப் பதிந்திருக்கிறது. வேறொரு கப்பலில் முன்னரே வந்துவிட்ட பேர்ட், அவருக்குக் கைகொடுத்து வரவேற்றார். இந்தக் காட்சி இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், கிப்ஸ் அதை நாட்குறிப்பில் எழுதி வைத்ததுதான். சமையல் வேலைக்காரரின் நாளை அவரே எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

பிறகு யுத்தம் வந்தது. 1942 நவம்பரில் குவாடல்கனால் கடலில் அவர் இருந்த 'அட்லாண்டா' கப்பல் மூழ்கியது. உயிர் தப்பினார். 1959இல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று, மினசோட்டாவின் ரொச்செஸ்டர் நகரில் குடியேறி ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்தார். அந்த ஊரில் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கக் கிளையை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். 1974இல் ஊர்க் கழகமொன்றில் சேரப் போனபோது நிறத்தடை குறுக்கே நின்றது. பனிக்கண்டத்தில் அட்மிரலே கைகொடுத்து வரவேற்ற மனிதரை, சொந்த ஊர்க் கழகத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவர் சும்மா திரும்பிப் போகவில்லை, அந்தத் தடையை எதிர்த்து நின்றார்.

2000 நவம்பர் 7ஆம் திகதி, தன் 84ஆவது பிறந்தநாளன்றே அவர் காலமானார். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மகள் லெய்லானி ஹென்றி வாப்பாவின் கொப்பியை விடவில்லை. பழைய தாள் என்று கட்டிப் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? (எங்கள் வீடுகளில் மௌத்தானவரின் கொப்பிகள் எங்கே போகின்றன என்று நாங்களும் யோசித்தோம், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.) வாப்பாவின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். 2021இல் அந்தாட்டிக்கா பற்றி இளையோருக்காக எழுதிய நூலில் அந்த நாட்குறிப்பையும் சேர்த்தார்.

ரொச்செஸ்டரில் இன்று கிப்ஸ் பெயரில் ஓர் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. அந்தாட்டிக்காவில் ஹோர்ஸ்ஷூ தீவின் பாறை முனையொன்றுக்கு 2009இல் 'கிப்ஸ் முனை' என்று பெயரிட்டார்கள். அடுத்த தடவை அந்தாட்டிக்காப் படத்தைச் சுவரில் மாட்டும்போது, அந்த முனையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கப் போகிறோம்.